டிரம்ஸ்: பெயர் தெரியவில்லை

மார்ச் 4, திங்கள்

எங்கள் ஊர் சட்டன் நூலகத்தில் ஒரு சுவரொட்டி. லண்டன் பங்க் ராக் இசையின் முதல் வருடங்கள் பற்றிக் கண்காட்சி வருகிறதாம். படத்தில் 1977, ஒரு பப்பின் மேல்மாடி, நான்கு பெண்கள். மூவருக்குப் பெயர் போட்டிருக்கிறது. கடைசியில்: டிரம்ஸ் - பெயர் தெரியவில்லை.

அது நான்.

மீன் வாங்க மறந்துபோய், என் வீட்டுக்காரரிடம் பேச்சு வாங்கினேன்.

மார்ச் 6

நாள் முழுக்கக் கனவில் நடக்கிறேன். பஸ்ஸின் வைப்பர்கூட எனக்குத் தாளம் எண்ணிக் கொடுக்கிறது. அப்போது பத்தொன்பது வயது, சித்தி வீட்டில் இருந்தேன். சித்தியிடம் டைப்பிங் வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போவேன். பாடத் தெரியாதவள் பாடினாள், வாசிக்கத் தெரியாதவள் வாசித்தாள். அறை முழுக்கப் புகை, சத்தம், நான் மிதந்தேன். எட்டு மாதம். பிறகு கலியாணப் பேச்சு. டிரம்ஸ் குச்சிகளை அங்கேயே வைத்துவிட்டு வந்தேன். நாற்பத்தைந்து வருடமாக இவரிடம் மூச்சு விடவில்லை.

மார்ச் 8

கண்காட்சி நடத்தும் பெண்ணுக்கு எழுதினேன். ஏற்கெனவே இரண்டு பேர் அது தாங்கள்தான் என்று எழுதியிருக்கிறார்களாம். அடையாளம் உண்டா என்கிறாள். என்னிடம் ஒரு படம்கூட இல்லை.

கஞ்சியைப் பற்றி எழுதினேன். தலைமயிரை நிமிர்த்தி நிறுத்த மற்றவர்கள் சீனித்தண்ணீர் பூசினார்கள். நான், சித்தி சேலைக்குப் போட எடுத்துவைத்த சோற்றுக்கஞ்சியைத் திருடிப் பூசினேன். விளக்குச் சூட்டில் காய்ந்து, அடிக்க அடிக்க உதிர்ந்தது. டிரம்ஸ் மேலெல்லாம் வெள்ளைப் பொருக்கு.

மார்ச் 11

பதில் வந்தது. மூலப் படத்தில் டிரம்ஸ் மேல் வெள்ளைப் புள்ளிகள் இருக்கின்றன; இவ்வளவு நாளும் அதைப் பிலிம் பழுது என்று நினைத்தார்களாம்! படக்குறிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. என்ன பெயர் போட?

போட்டால் விம்பிள்டன் கோயிலுக்கு வரும் தமிழர் எல்லாருக்கும் தெரிந்துவிடும். கோயில் கிடக்கட்டும். இவர்? இத்தனை வருடம் ஒரு கள்ளியோடு குடித்தனம் நடத்தினேன் என்று நினைத்துவிட்டால்?

மார்ச் 13

சொல்லிவிட்டேன். இவர் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஏன் இவ்வளவு காலமும் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் என்னை ஒரு மாதிரி நினைப்பியள் எண்டு..."

"நான் என்ன நினைப்பன் எண்டும் நீரே முடிவெடுத்துப்போட்டீர்."

கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். சாப்பிட்டுவிட்டுப் போய்ப் படுத்தார். குசினியில் நின்று அழுதேன். அவர் சொன்னது சரிதானே?

மார்ச் 15

என் பெயரை, சிவமலர் என்றே போடச் சொல்லி எழுதினேன். இவர் இன்னும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

ஏப்ரல் 6, சனி

கண்காட்சி. கலியாண வீடுகளுக்குப் போடும் கோட்டைப் போட்டுக்கொண்டு இவரும் வந்தார்.

படத்துக்குப் பக்கத்தில் ஹெட்போன். அன்றைக்கு யாரோ கேசட்டில் பதிவுசெய்த எங்கள் பாட்டு, இரண்டே நிமிடம். இவர் மாட்டிக்கொண்டு கண்ணை மூடினார். விரல் தொடையில் தட்டியது, தவறியது, மறுபடி தட்டியது. கழற்றினார்.

"உமக்கு வேகம் கூடிப்போச்சு, மலர்."

"ஓம்."

"தாளம் பிடிக்க ஏலாமல் கிடக்கு."

மறுபடி மாட்டிக்கொண்டார். நான் ஒரு கதிரை தேடி உட்கார்ந்தேன். பாட்டை மூன்று தரம் கேட்டார்.