உன் காட்டுக்கு மட்டும் சாவி

தம்பிக்கு,

நாமக்கல் போராட்டப் பந்தலில் கத்திக் கத்தி உன் தொண்டை கட்டியிருக்கும். உங்கள் ஆசிரியர் சங்கம் கேட்பது நியாயம் என்று நம் அரியூர் நாட்டு மலையூர்களில் இன்னும் பேசுகிறவன் நான் ஒருவன்தான். உன்னளவு படித்தும் வேலை கிடைக்காதவன்.

வியாபாரி விலையை ஏற்றும்வரை யாரும் குச்சிக்கிழங்கு பிடுங்குவதில்லை என்று நம் விவசாயச் சங்கம் முடிவெடுத்தபோது நீயும் கை தூக்கினாய். திங்கட்கிழமை உன் காட்டுப் பக்கம் போனேன். ஒரு மரவள்ளிச் செடி இல்லை. வெட்டிப் போட்ட குச்சியில் பால்கூடக் காயவில்லை. வரப்போரம் லாரித் தடம். பள்ளிக்கூடம் பூட்டிக் கிடக்கும் நாளாகப் பார்த்துத்தானே பிடுங்கினாய்? இல்லை, அந்த ஓய்வுக்காகத்தான் போராட்டமே நடக்கிறதா? எனக்கு இப்போது எல்லாவற்றிலும் சந்தேகம்.

நேற்று பக்கத்துக் காட்டுக் கண்ணாயி கேட்டாள்: "ஏனுங்க, எம்புள்ள பள்ளிக்கூடத்த ஒரு சங்கம் பூட்டுச்சு. எங்காட்ட இன்னொரு சங்கம் பூட்டுது. உங்க தம்பி காட்டுக்கு மட்டும் சாவி யாருங்க குடுத்தா?"

கூட நின்றவர்கள் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை அவள் பிடுங்கப் போகிறாள். பின்னாலேயே ஊர் முழுக்கப் போகும். தடுக்க எனக்கு வாயில்லை. முடிந்தால் நீ வந்து, அவள் முகத்தைப் பார்த்துத் தடு.

உன் அண்ணன்