ஒரு பல் தள்ளி

17.8.96, சனி

மயிலாப்பூர் ரவி சாரோட டர்போ காருக்கு, எஞ்சின் வால்வைத் திறந்து மூடுற புது கேம்ஷாஃப்ட்டைத் தேடிப் பிடிச்சு வாங்கினவன் என் பார்ட்னர் ஏழுமலை. அதை மாட்டி, வால்வும் பிஸ்டனும் இடிச்சுக்காதபடி டைமிங் வெச்சவன் நான். நேத்து அடையாறு பாலத்துல வேகமா போகும்போது எஞ்சின் சட்டுனு நின்னுபோய், பின்னால வந்த பஸ் இடிச்சிடுச்சு. சாருக்குக் கால் முறிஞ்சுபோச்சு.

இன்னிக்குக் காலையில ஈக்காட்டுத்தாங்கல் ஷெட்ல தனியா எஞ்சினைத் திறந்தேன். டைமிங் பெல்ட்டை ஒரு பல் தள்ளி மாட்டியிருக்கேன். அதனாலதான் வால்வெல்லாம் பிஸ்டன்ல இடிச்சு வளைஞ்சு கிடந்தது. ஏழுமலை கண்ணுல படக்கூடாதுன்னு, அவன் வர்றதுக்குள்ள பெல்ட்டைக் கழட்டிட்டேன்.

அவன் வந்து வளைஞ்ச வால்வைப் பார்த்துக்கினே நின்னான். "இந்த கேம்ஷாஃப்ட் வால்வை ரொம்பக் கீழ தள்ளுது மச்சி. நாந்தான் தப்பா எடுத்துட்டேன்"னான்.

"வுடுடா"ன்னேன்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய் சாரோட மனைவி கால்ல விழுந்திருக்கான். அவங்க இவன் முகத்தைக்கூடப் பார்க்கலையாம். திரும்பி வந்து, "இனிமே சாமான் எல்லாம் நீயே பார்த்து வாங்கு. எனக்கு உன் மேலதான் நம்பிக்கை கீது"ன்னான்.

சரின்னு தலையாட்டிட்டேன்.