ஒரு மடக்குத் தைலம்

அக்கா,

இன்று காலை திருமுல்லைவாயிலில் ரயில் ஏறி உட்கார்ந்தேன். எதிரே இருந்த பெண் சளிக்காகக் கைக்குட்டையில் நீலகிரித் தைலம் விட்டு முகர்ந்தாள். பெட்டி முழுக்க அந்த வாசனை. அடுத்து வந்த அம்பத்தூரிலேயே இறங்கி, நடைமேடையில் உட்கார்ந்துவிட்டேன். நீங்கள் இல்லாத முதல் மழைக்காலம் இது.

அப்போது என் மகனுக்கு இரண்டு வயது. கோவில்பட்டியிலிருந்து வந்து உங்கள் எதிர் ஃபிளாட்டில் குடியேறிய புதிது. உங்களைப் பார்த்தால் சிரிப்பேன், அவ்வளவுதான் பழக்கம். ஊட்டியிலிருந்து என் கணவர் வாங்கி வந்த தைலச் சீசாவைப் பையிலிருந்து எடுத்து, பிள்ளை ஒரு மடக்குக் குடித்துவிட்டான். இருமினான். சற்று நேரத்தில் கால்கள் பின்னித் தள்ளாட ஆரம்பித்தான். நான் உப்பைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டே அலறியிருக்கிறேன். நீங்கள் மாவுக் கையோடு ஓடி வந்து அவன் வாயை முகர்ந்தீர்கள்.

“உப்புத் தண்ணியெல்லாம் குடுக்காத! வாந்தி வந்தா நெஞ்சுக்குள்ள பூந்துக்கும். புள்ளயத் தூக்கு!”

கீழே உங்கள் வீட்டுக்காரரின் ஆட்டோ நின்றது. பிள்ளை விட்ட ஒவ்வொரு மூச்சிலும் தைல வாசனை. கண்கள் செருகிக்கொண்டே போயின. அம்பத்தூரை நெருங்கியதும் வண்டிகள் நகரவில்லை. நீங்கள் குதித்து இறங்கி, முன்னால் நின்ற பேருந்தைக் கையால் அடித்தீர்கள்.

“புள்ள உசுரு போவுதுபா, வழி வுடுங்க!”

நான் அவன் மார்பில் கை வைத்து, அடுத்த மூச்சு வருமா என்று காத்திருந்தேன். வேறெதுவும் நினைவில்லை.

மருத்துவமனையில் அவனுக்கு வலிப்பு வந்தது. “இலையில இருக்கிறப்போ கொஞ்சம் கொஞ்சமா காத்துல கலந்து போற வாசனைதாம்மா இது. சீசாவுக்குள்ள எத்தனை இலையோட வாசனை அடைஞ்சிருக்கு பாருங்க” என்றார் டாக்டர். மறுநாள் காலை அவன் கண் விழித்து இட்லி கேட்டான். உடனே நீங்கள் வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டீர்கள்.

“என் தங்கச்சி புள்ள மண்ணெண்ண குடிச்சிட்டான். நாங்கதான் வாந்தி எடுக்க வெச்சோம். அப்பால அவன் ஊட்டுக்கு வரவேயில்ல” என்றீர்கள். பிறகு என் கையைப் பிடித்தீர்கள். “எனக்குத் தைரியம்னு நெனச்சியா? பயந்துகினேதான் ஓடியாந்தேன்.”

போன வருஷக் கடைசியில் மாரடைப்பு உங்களைக் கொண்டுபோனபோது நான் அலுவலகத்தில் இருந்தேன். உங்களுக்காக யாராவது தெருவில் இறங்கிக் கத்தினார்களா, தெரியவில்லை. கேட்கவும் பயமாக இருக்கிறது.

மகன் இப்போது ஒன்றாம் வகுப்பு. நான்தான் இன்னும் தேறவில்லை. கற்பூரம், ஆரஞ்சுத் தோல், தரை துடைக்கிற திரவத்தின் எலுமிச்சை மணம், எது வந்தாலும் முதலில் அவன் எங்கே என்று தேடுகிறேன்.

உங்கள் வீட்டுக்காரர் மாங்காட்டில் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். உங்கள் ஃபிளாட்டுக்குப் புதியவர்கள் வந்திருக்கிறார்கள். தவழுகிற குழந்தை இருக்கிறது. வந்த அன்றே போய் அழைப்புமணியை அழுத்தினேன்.

“ஏதாவது ஒண்ணுன்னா கூச்சப்படாமக் கத்துங்க. நான் வந்துருவேன்” என்றேன்.

அந்தப் பெண் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை, அக்கா.