நாலு பேர் மேஜை

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், அதுவும் தனியாக அல்ல.

இந்த ஃபர்னிச்சர் கடையில் சாப்பாட்டு மேஜைகள்மேல் தட்டு, டம்ளர் வைத்து வீடு மாதிரி காட்டுவது என் வேலை. நாலு பேர் மேஜையில் நாம் உட்காரும் வரிசைப்படியே வைப்பேன். தம்பி தட்டிவிடுவான் என்று அவன் டம்ளரை மட்டும் தள்ளி வைப்பேன். மதியம் என் இடத்தில் உட்கார்ந்து டப்பாவைத் திறப்பேன். ஒருநாள் மேனேஜர் பார்த்துவிட்டார். "என்னம்மா, மத்தவங்கல்லாம் எப்ப வருவாங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

"ஸ்கூல் முடிச்சு ஒரு வருஷம் வேலை பார்த்துட்டு காலேஜ் போனா குடியா முழுகிடும்?" என்று நான் கேட்டதும் அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாரே, அதோடு சரி. இப்போது நீ ஃபோனை நீட்டினால் குளிக்கப் போய்விடுகிறார். இத்தனை தடவை குளித்தால் சளி பிடிக்கும் என்று சொல்.

நேற்று அந்த மேஜை விற்றுப்போனது. அந்த இடத்தில் இரண்டு பேர் மேஜை வந்திருக்கிறது. தட்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.

கோபித்துக்கொள்ளாதே அம்மா. எதிரே அப்பாவைத்தான் உட்கார வைத்திருக்கிறேன். இன்னும் எழுந்து போகவில்லை.

உன்,
மூத்தவள்