மழை வருமா வராதா என்று கேட்கிறார்கள்

மூன்று நாளாகக் காயாத சீருடையின் வாடை வீடெங்கும் அடிக்கிறது. கைப்பேசியைத் திறந்தால் இந்த வாரம் ஏழு நாளுக்கும் ஒரே படம்: ஒரு மேகம், அதன் கீழே ஒரு மின்னல். இதைப் பார்த்துத் துணி துவைப்பதா வேண்டாமா என்று எப்படி முடிவு செய்வது? எரிச்சலில் கைப்பேசியை மெத்தைமேல் எறிந்தேன். உடனே உன் நினைவு வந்துவிட்டது.

"அது பினாங்கு முழுசுக்கும் போட்ட படம்லா. உன் வீட்டுத் துணிக்கு யாரு தனியா போடுவா?" என்பாய்.

பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நமக்கு ஒரே ஷிப்டு. ஆயர் ஈத்தாமில் ஒரே அடுக்குமாடி. ஞாயிறு காலையில் வாராந்திர வானிலை அறிக்கையைப் படித்துவிட்டு, மேல்மாடிக்குப் போய்க் கொடிமலைப் பக்கம் பார்ப்பாய். பிறகு நம் குடியிருப்பு வாட்ஸாப் குழுவில் உன் குரல் வரும். உயரத்தில் இறகு மாதிரி வெள்ளைக் கீற்று ஓடினால் இன்றைக்குப் பயமில்லை. வானம் முழுக்கச் சாம்பல் போர்த்தியிருந்தால் நாளெல்லாம் தூறும், இடி இருக்காது. பஞ்சுப் பொதிகள் காலையிலேயே கோபுரமாக வளர ஆரம்பித்தால் பிற்பகலில் மழை கொட்டலாம். உச்சி தட்டையாகப் பரந்துவிட்டால் வெளியே நிற்காதீர்கள்.

அந்த 'லாம்' யாருக்கும் பிடிக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, நம் அடுக்குமாடிக்குப் பின்னால் ஓடும் ஆற்றின் ஓரம் நிறுத்தியிருக்கும் வண்டிகளை மேட்டுக்கு ஏற்றச் சொன்னாய். எல்லாரும் ஏற்றினார்கள். மேகமோ மலையைத் தாண்டிப் பாலிக் பூலாவ் பக்கம் போய்க் கொட்டியது. இங்கே ஒரு சொட்டு இல்லை. தரைத்தளத்து ராஜு அண்ணன் எல்லார் முன்னிலையிலும், "இவ பேச்ச கேட்டு மோட்டார தள்ளுனதுதான் மிச்சம்" என்றார். சிரித்தார்கள். நீயும் சிரிக்கப் பார்த்தாய்.

அடுத்த ஞாயிறும் அதே மாதிரி மேகம். அதையே சொன்னாய். ஒருவரும் அசையவில்லை. மதியம் கடந்ததும் மழை பிடித்தது. ஆறு கரையேறி வந்துவிட்டது. நாம் இருவரும் முழங்கால் தண்ணீரில் நின்று, கைக்கு அகப்பட்ட மோட்டார் சைக்கிள்களை மேலே தள்ளினோம். ராஜு அண்ணனுடையது சேற்றில் சாய்ந்து கிடந்தது. அவர் உன்னிடம்தான் பாய்ந்தார்.

"நீ அழுத்திச் சொல்லியிருக்கணும்லா!"

நீயும் திருப்பிக் கேட்டாய். "போன வாரம் அழுத்தித்தாண்ணே சொன்னேன், சிரிச்சீங்க. இந்த வாரமும் சொன்னேன், கேக்கல. மேகத்த நானா அனுப்புறேன்?"

அன்று உன் வீட்டில் உட்கார்ந்து அவரை நாம் திட்டியதில், அவருடைய மீசை, தொப்பை, அவர் பாடும் பாட்டு எதுவும் தப்பவில்லை. கடைசியில் நான், "விட்டுத் தொலைடி. உனக்கு எதுக்கு இந்த வேண்டாத வேலை?" என்றேன்.

"சும்மா இருந்தா யாரும் திட்ட மாட்டாங்கதான். ஆனா ஒருத்தராச்சும் வண்டிய எடுத்து வைப்பாங்கல்ல?" என்றாய். அடுத்த ஞாயிறும் உன் குரல் வந்தது.

பிறகு ஒரு நாள் வேலையிடத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். மருத்துவமனைக்குப் பின்னாலேயே வந்தேன். நான் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருந்தது.

சில வாரங்கள் குழு அமைதியாக இருந்தது. அப்புறம் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள்: "நீங்க அவங்க கூட்டாளிதானே, இனிமே நீங்க சொல்லுங்களேன்." எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்ல! நீ இருந்தபோது காதில் போட்டுக்கொள்ளாதவர்களுக்கு இப்போது மட்டும் என்ன அவசரம்?

ஆனாலும் போன ஞாயிறு மேலே ஏறிப் போனேன். மலைக்குமேல் பொதிகள் வளர்ந்துகொண்டிருந்தன. அவை கொட்டுமா கலையுமா என்று எனக்குப் பிடிபடவில்லை. உனக்கும் ஒருபோதும் உறுதியாகப் பிடிபட்டதில்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. "பிற்பகலில் மழை வரலாம், வண்டிகளை மேலே ஏற்றிவிடுங்கள்" என்று பதிவு செய்து அனுப்பினேன். ராஜு அண்ணன் உடனே அழைத்தார்.

"வருமா வராதா? ஒரே வார்த்தையில சொல்லு தங்கச்சி."

"வரலாம்ணே."

"இதச் சொல்ல நீ எதுக்கு?"

முணுமுணுத்துக்கொண்டே வண்டியை மேட்டுக்குத் தள்ளினார். மழை வரவில்லை. சாயங்காலம் பளிச்சென்று வெயில் அடித்தது. லிப்டுக்கு முன்னால் என்னைப் பிடித்துக்கொண்டு, நிறுத்தி வைத்துத் திட்டினார்.

வருகிற ஞாயிறும் சொல்வேன். 'வரும்' என்று பொய் சொல்லமாட்டேன், பேசாமலும் இருக்கமாட்டேன். அந்தப் பிடிவாதத்தை நீ என்னிடம் விட்டுப் போயிருக்கிறாய், சுமக்கிறேன். ஆனால் அன்று அவ்வளவு ஆத்திரத்தோடு லிப்டில் ஏறியவள், பழக்கத்தில் உன் மாடியில் இறங்கிவிட்டேன். பூட்டிய கதவுக்கு முன்னால் நின்றுகொண்டு, அவரைத் தனியாகவே திட்டித் தீர்த்தேன்டி.