மூக்கு ஒழுகும் ராஜாவின் காலணா

என் பிரியமான அக்கா,

உன் காலணாவைப் பற்றித்தான் எழுதுகிறேன். ராஜாவின் மூக்கிலிருந்து விளிம்பு வரை மயிரிழைபோல ஒரு கோடு ஓடுமே. "ராஜாவுக்கு மூக்கு ஒழுகுதுடி" என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பாயே, அந்தக் காசு.

கோடு மேடாக இருந்தால் காசு அடித்த அச்சில் விழுந்த விரிசல், பள்ளமாக இருந்தால் பிறகு யாரோ கீறியது என்று லென்ஸில் காட்டுவாய். தேய்த்தால் காசின் மதிப்பே போய்விடும் என்று தடவிப் பார்க்கக்கூட விடமாட்டாய். நீயே விளிம்பைத்தான் பிடிப்பாய்.

நீ போன பிறகு உன் மகள் மலர் பாகூரிலிருந்து உன் காசுப் பெட்டியை உறுவையாற்றில் என் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுத்தாள். குழந்தை எதையும் வாயில் போடுகிறான் என்று பயம் அவளுக்கு. இந்த ஆயுத பூஜைக்கு அரிவாள்மனை, தையல் மெஷின், என் ஸ்கூட்டி எல்லாவற்றையும் துடைத்துப் பொட்டு வைத்தேன். உன் ஆயுதம் அந்தக் காசுதானே என்று தோன்றியது. குத்துவிளக்கு விளக்கிய புளியும் சாம்பலும் கையில் இருந்தன. அந்தக் காசையும் தேய்த்தேன். பளபளவென்று உன் படத்துக்கு முன்னால் வைத்தபோது சந்தோஷத்தில் அழுகை வந்தது. நீ சொன்னதெல்லாம் எப்படி மறந்தது அக்கா?

போன வாரம் மலரோடு புதுச்சேரியில் நாணயக் கண்காட்சிக்குப் போனேன். விற்பதற்கு அல்ல. அம்மாவின் காசு உண்மையிலேயே அபூர்வமா என்று தெரிந்துகொள்ள அவளுக்கு ஆசை. வியாபாரி வெகுநேரம் பார்த்துவிட்டு, அச்சு விரிசல் அசல்தான் என்றார். பிறகு கேட்டார்: "இத யாரும்மா வெளக்குனது? மேல்தோலே போயிடுச்சே. தொடாம வச்சிருந்தா நானே கெஞ்சிக் கேட்டிருப்பேன்."

நான் வாயைத் திறப்பதற்குள் மலர் சொன்னாள். "எங்கம்மாதான். அது எதையாச்சும் வெளக்கிக்கினே இருக்கும்."

நான் தலையாட்டினேன்.

பாகூர் பஸ்ஸுக்கு நிற்கும்போது மறுபடி கேட்டாள். "இவ்ளோ பாத்து பாத்து வச்சிட்டு, இன்னா சித்தி அம்மா இப்டி பண்ணிட்சி?" அப்போதும் சொல்லவில்லை. உன்னால் மறுத்துப் பேச முடியாது என்பது எனக்கு வசதியாக இருந்தது. காலேஜ் படித்தவள், ஊரில் நாலு பேருக்கு நியாயம் சொல்கிறவள் நான்.

உன் பேரன் தவழ ஆரம்பித்துவிட்டான். உன் மூக்கு. சளி பிடித்தால் ராஜாவேதான். இதைச் சொல்லிச் சிரிக்கக்கூட இப்போது எனக்கு வாய் வரவில்லை.

நாளைக் காலை பாகூருக்குப் போகிறேன். தேய்த்தது நான்தான் என்று மலரின் முகத்தைப் பார்த்துச் சொல்வேன். அதற்குப் பிறகு அவள் என்னைச் சித்தி என்று கூப்பிடாவிட்டாலும் சரி, உன்மேல் அந்தப் பேச்சு இருக்காது.

உன் கூடப்பிறந்தவள் என்று எழுதக் கூசும்
தங்கச்சி செல்வி