தளர்ந்த முடிச்சு

ஜொகூர் பாரு,
ஆடி, 1934

அன்புள்ள அங்கம்மாவுக்கு,

நானும் என் தொந்தியும் சுகம். நீயும் பிள்ளைகளும் சுகம்தானே?

பயப்படாமல் படி. குத்துச்சண்டையில் லைட் வெயிட் சாம்பியனான உன் தம்பி சடையனை ரப்பர் தோட்டத்தில் சீண்டிவிட்டார்கள். "ஒல்லிப் பயலுகள அடிச்சவன்லாம் சாம்பியனா, லா? மேல் எடைக்காரன அடி பாப்போம்!" ரோஷத்தில் ஒப்புக்கொண்டான். எதிராளியோ போன மாதம் ஒருவனின் தாடையை உடைத்தவன். தன் எடையில் ஜெயித்தது போதாதா? சோற்றால் எடை ஏறிய நான் சொன்னால் யார் கேட்கிறார்கள்!

மேல் எடைப் பிரிவுக்கு இவன் எடை கொஞ்சம் குறைந்தது. "அத்தான், கால்சட்டைக்குள்ள அரைஞாண்ல ஈயக்கட்டியக் கட்டிவிடுங்க" என்றான். கட்டினேன். தராசில் ஏறினான். முள் சரியான எடையில் நின்றது. எனக்கு மூச்சே நின்றது. எடை பார்த்தவர் பேனாவைத் திறந்தார். அப்போதுதான் ஈயம் டணாரென்று கீழே விழுந்தது. சண்டை ரத்து.

அன்றிலிருந்து சடையன் என்னோடு பேசுவதில்லை. அறையில் எனக்குப் பல்லியோடுதான் பேச்சு. நார்த்தங்காய் ஊறுகாய் அனுப்பு. "உன் அத்தானுக்கு முடிச்சுப் போடத் தெரியாது, மன்னிச்சிரு" என்று அவனுக்கு இரண்டு வரி எழுது.

தபால் பையைக் கட்டுகிறார்கள். உனக்கு மட்டும் சொல்கிறேன்: அவிழட்டும் என்றுதான் அப்படிக் கட்டினேன். உன் கழுத்தில் மூன்று முடிச்சையும் இறுக்கிப் போட்டது இதே கைதானே!

உன்,
வீரபுத்திரன்